கல்ஃப் அரபி தெரிந்தவர் குர்ஆனின் அரபியைப் படிக்கத் தொடங்குவது எப்படி

வளைகுடா நாடுகளில் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்த நம்மவர்கள் பலருக்கு அரபி தடையில்லாமல் வரும். முதலாளியிடம் சம்பளம் கேட்பார்கள், சந்தையில் விலை பேசுவார்கள், ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்காக மருத்துவமனையில் மொழிபெயர்த்து நிற்பார்கள். அதே மனிதர் ரமளான் இரவில் தராவீஹ் தொழுகைக்கு நிற்கும்போது, இமாம் ஓதும் வரிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள் காதில் பிடிபட, மற்றவை வெறும் ஓசையாகக் கடந்து போகின்றன. நானும் அந்த வரிசையில் பல ஆண்டுகள் நின்றவன். சிறுவயதில் மதரஸாவில் குர்ஆனை முழுவதும் ஓதி முடித்தேன். பிறகு வளைகுடாவில் அரபி பேசினேன். இரண்டும் ஒரே மொழியென்று சொல்லப்பட்டும் ஒன்றையொன்று தொடாமலே என்னிடம் கிடந்தன. அவற்றை இணைக்க எனக்குப் பயன்பட்ட வழியை, இந்த நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அரபி எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பேச்சு அரபி ஓரளவு புழங்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் குர்ஆனின் 12ஆம் அத்தியாயமாகிய சூரா யூஸுஃபைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 111 வசனங்களில் ஒரே தொடர்கதையாகச் செல்லும் அத்தியாயம் அது. கிணறு, வணிகக் கூட்டம், காசு, சிறை, தானியம், ஒட்டகச் சுமை என்று அன்றாடப் பொருள்கள் நிறைந்தது. ஊரையும் தந்தையையும் பிரிந்து, அந்நிய நாட்டில் பணியாற்றி, பஞ்ச காலத்தில் தம் குடும்பத்துக்குத் தானியம் கிடைக்கச் செய்த நபி யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு, பிழைப்புக்காகக் கடல் கடந்த சபுராளிகளின் மனத்துக்கு எப்போதும் நெருக்கமானது. அதன் சொற்களில் பல ஏற்கெனவே நம் நாவில் இருக்கின்றன என்பது படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரியவரும்.

எந்த அரபி எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

அரபியில் மூன்று அடுக்குகளை மனத்தில் வைத்தால் குழப்பம் பாதி தீரும். முதலாவது, குர்ஆன், நபிமொழிகளாகிய ஹதீஸ், பழைய கவிதை, மார்க்கச் சட்டமாகிய ஃபிக்ஹு நூல்கள் ஆகியவற்றின் செவ்வியல் மொழி. இரண்டாவது, அதன் இலக்கணத்தைப் பெரிதும் காத்துக்கொண்டு இக்காலச் சொற்களோடு செய்தித்தாளிலும் தொலைக்காட்சிச் செய்தியிலும் வரும் எழுத்துமொழி. மூன்றாவது, வீட்டிலும் தெருவிலும் பேசப்படும் வட்டார வழக்குகள். ஓர் அரபுக் குழந்தைக்குத் தாய்மொழியாக வாய்ப்பது இந்த மூன்றாவதுதான். முதலிரண்டையும் அதுவும் பள்ளியில்தான் கற்கிறது. ஆகவே குர்ஆனின் மொழியைப் பாடமாகக் கற்க வேண்டியிருக்கிறதே என்று நாம் கூச்சப்படத் தேவையில்லை. அரபி இலக்கணத்துக்கு அடித்தளமான பெருநூலை எழுதிய சீபவைஹியே பாரசீகத்தில் பிறந்து, பஸராவுக்கு வந்து அரபியைக் கற்றவர்தான்.

வட்டார வழக்குகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதற்கு ‘இப்போது’ என்ற ஒரு சொல்லே போதும். வளைகுடாவில் அல்ஹீன் என்பார்கள். ஜித்தாவில் தஹீன், ஈராக்கில் ஹஸ்ஸா, எகிப்தில் தில்வஃதி, சிரியாவில் ஹல்லஃ, மொராக்கோவில் தாபா. குர்ஆனில் இதற்குரிய சொல் அல்ஆன. சூரா யூஸுஃபின் 51ஆம் வசனத்தில், எகிப்து அதிகாரியின் மனைவி தன் தவற்றை ஒப்புக்கொள்ளும்போது ‘அல்ஆன ஹஸ்ஹஸல் ஹக்கு’, அதாவது ‘இப்போது உண்மை வெளிப்பட்டுவிட்டது’ என்கிறார். நாம் தினமும் சொல்லும் அல்ஹீன் குர்ஆனுக்கு அந்நியமானதும் அன்று. அதே அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தில், நபி யூஸுஃபைச் சிறையில் இடுவது ‘ஹத்தா ஹீன்’, ஒரு காலம் வரை, என்று வருகிறது. ஹீன் என்றால் காலம். அல்ஹீன் என்றால் ‘இந்தக் காலம்’, ஆகவே ‘இப்போது’. பேச்சுச் சொல்லின் வேரைத் தேடினால் குர்ஆனின் சொல் அகப்படும் என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு. 51ஆம் வசனத்தில் வந்த ஹக்கு என்பதும், ‘இது யாருடையது’ என்று கேட்கும்போது வளைகுடாவில் சொல்லும் ஹக் அல்லது ஹக்கி என்பதும் ஒரே சொல்தான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் வர்ஷ் என்ற ஓதல் முறையும், லிபியாவில் காலூன் முறையும், நம் நாட்டையும் வளைகுடாவையும் உள்ளிட்ட பெரும்பகுதியில் ஹஃப்ஸ் முறையும் வழங்குகின்றன. ஃபாத்திஹாவில் நாம் ‘மாலிகி யவ்மித்தீன்’ என்று நீட்டி ஓதுவதை வர்ஷ் முறையில் ‘மலிகி’ என்று குறுக்கி ஓதுவார்கள். இவற்றை அந்தந்த நாட்டுப் பேச்சுவழக்கு என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். இவை ஆசிரியர் வழி மாணவர் வழியாக அறிவிப்புத் தொடருடன் வந்த ஓதல் முறைகள். இன்றைய மொராக்கோ மக்களின் பேச்சு அவற்றினுள் கலக்கவில்லை. ஆனாலும் பழைய அரபுக் குலங்களின் உச்சரிப்பு வேறுபாடுகள் சில அவற்றில் தங்கியிருப்பது உண்மை. சூரா யூஸுஃபின் 13ஆம் வசனத்தில் தந்தை யஃகூப் (அலை) அஞ்சும் ஓநாய் ஹஃப்ஸ் முறையில் ‘திஃபு’ என்று, தொண்டையில் ஓசையை வெட்டி நிறுத்தும் ஹம்ஸா எழுத்தோடு வரும். வர்ஷ் முறையில் ஹம்ஸா கரைந்து ‘தீபு’ என்று வரும். இன்றைய பேச்சிலும் ஓநாய் ‘தீப்’ தான்.

சொல்லின் கடைசி ஓசையைக் கேட்கப் பழகுங்கள்

பேச்சு அரபி தெரிந்தவர் குர்ஆனில் இடறும் முதல் இடம் சொல்லின் கடைசி எழுத்து. ஜபர் (அ), ஜேர் (இ), பேஷ் (உ) என்று மதரஸாவில் நாம் கூட்டி ஓதிய அந்தக் குறிகள் சொல்லின் இறுதியில் வரும்போது வேற்றுமையைக் காட்டுகின்றன. பேஷ் பெரும்பாலும் எழுவாயைக் குறிக்கும். ஜபர் செயப்படுபொருளைக் குறிக்கும். ஜேர் முன்னிடைச் சொல்லுக்குப் பின்னும் உடைமைப் பொருளிலும் வரும். வட்டார வழக்குகள் இந்த இறுதி ஓசைகளை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிட்டன. ஷுக்ரன், அபதன் போன்ற சில உறைந்த சொற்களில் மட்டும் ‘ன்’ என முடியும் பழைய தன்வீன் ஓசை மிஞ்சியிருக்கிறது. ஓதும்போது வசன முடிவில் நிறுத்தினால் இறுதி ஓசை விழுந்துவிடும் அல்லவா? பேச்சுவழக்கு, எல்லாச் சொல்லிலும் அப்படி நிறுத்தி வக்ஃப் செய்துகொண்டே போவதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதி ஓசை போனால் பேச்சில் சொல்வரிசையை வைத்துத்தான் யார் யாரை என்று அறிய முடியும். குர்ஆனில் அப்படியில்லை. சூரா ஃபாத்திரின் 28ஆம் வசனம், ‘இன்னமா யஃக்ஷல்லாஹ மின் இபாதிஹில் உலமாஉ’ என்கிறது. வரிசையை மட்டும் பார்த்தால் அஞ்சுதல் என்ற வினைக்கு அடுத்து அல்லாஹ் என்ற சொல்லும், கடைசியில் அறிஞர்கள் என்ற சொல்லும் நிற்கின்றன. பேச்சு அரபியில் ஊறிய காது இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் அல்லாஹ என்பது ஜபர் பெற்றுச் செயப்படுபொருளாகவும், உலமாஉ என்பது பேஷ் பெற்று எழுவாயாகவும் இருப்பதால், ‘அல்லாஹ்வின் அடியார்களில் அவனை அஞ்சுவோர் அறிஞர்களே’ என்பதே பொருள். தமிழில் ‘அவனை அஞ்சுவோர் அறிஞர்கள்’ என்று ஐயுருபு கொண்ட சொல்லை முன்னே வைப்பது நமக்கு இயல்பு. வேற்றுமை உருபு இருந்தால் சொல் எங்கே நின்றாலும் பொருள் மாறாது என்பதைத் தமிழ் நமக்குத் தாய்ப்பாலோடு ஊட்டியிருக்கிறது. பேச்சு அரபி மறக்கச் செய்ததைத் தமிழ் நினைவூட்டும் இடம் இது. இந்தச் சாதகத்தை நாம் போதிய அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் ஆதங்கம்.

இந்த இறுதி ஓசைக்காகத்தான் குறியீடுகளே தோன்றின. சூரா தவ்பாவின் 3ஆம் வசனத்தில், ‘அல்லாஹ் இணைவைப்போரை விட்டு விலகியவன், அவனுடைய தூதரும் அவ்வாறே’ என்ற பொருளில் ‘வரஸூலுஹு’ என்று வருகிறது. அதை ஒருவர் ‘வரஸூலிஹி’ என்று ஜேர் வைத்து ஓத, இணைவைப்போரை விட்டும் தன் தூதரை விட்டும் இறைவன் விலகியவன் என்ற கொடிய பொருள் வந்துவிட்டதாகவும், அதைக் கேட்டுப் பதறிய அபுல் அஸ்வத் அத்துஅலி இறுதி ஓசைகளுக்குப் புள்ளிக் குறியிட முன்வந்ததாகவும் வழிவழியாக அறிவிக்கப்படுகிறது. அவர் ஹிஜ்ரி 69இல் மறைந்தவர். இன்று நாம் காணும் ஜபர், ஜேர், பேஷ் வடிவங்களை ஒரு நூற்றாண்டுக்குப் பின் பஸராவின் கலீல் இப்னு அஹ்மத் ஒழுங்குபடுத்தினார்.

பயிற்சி எளியது. ஒரு வசனத்தை எடுத்து, ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் இறுதிக் குறியையும் பென்சிலால் வட்டமிட்டு, அது ஏன் அந்தக் குறியைப் பெற்றது என்று பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். முதல் மாதத்தில் பாதிக்குமேல் விடை தெரியாது. தெரியாதவற்றைக் கேள்விக்குறியோடு விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை ஓர் ஆலிமிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கேள்வியோடு வரும் மாணவரை விரட்டும் உஸ்தாதை நான் பார்த்ததில்லை. சூரா யூஸுஃபின் 31ஆம் வசனத்தில் எகிப்துப் பெண்கள் வியந்து சொல்லும் ‘மா ஹாதா பஷரன்’, ‘இவர் மனிதரல்லர்’ என்ற தொடருக்கு வரும்போது, மனிதர் என்ற சொல் ஏன் ஜபர் பெற்றது என்று அவசியம் கேளுங்கள். எதிர்மறை ‘மா’வுக்குப் பின் ஜபர் கொடுப்பது ஹிஜாஸ் மக்களின் பழைய வழக்கு, தமீம் குலத்தார் அங்கே பேஷ் வைத்துப் பேசியதாக இலக்கண நூல்கள் குறிக்கின்றன. வட்டார வேறுபாடு அன்றும் இருந்தது என்பதை அந்த ஒரு ஜபர் காட்டும்.

பேச்சொலியை எழுத்தொலியாக மாற்றுங்கள்

தெரிந்த சொல்லே குர்ஆனில் அடையாளம் தெரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் ஒலிமாற்றம். வளைகுடாவில் தொண்டையடியிலிருந்து எழும் காஃப் எழுத்து, தமிழில் ‘தங்கம்’ என்பதில் ககரம் ஒலிப்பதைப் போல மெலிந்து ஒலிக்கும்; கெய்ரோவில் அது ஹம்ஸாவாக விழுங்கப்படும். ஆகவே கல்பு என்ற இதயம் துபாயில் ஒருவிதமாகவும் கெய்ரோவில் ‘அல்ப்’ என்றும் கேட்கும். குவைத்திலும் அமீரகத்திலும் ஜீம் யகரமாவது பழகியவருக்குத் தெரியும்: மஸ்ஜித் ‘மஸ்யித்’ ஆகும், கோழியாகிய தஜாஜ் ‘தியாய்’ ஆகும். சிறிய காஃப் சில சொற்களில் சகரமாகி, மீனாகிய ஸமக் ‘ஸிமச்’ என்று வரும். கெய்ரோவில் ஜீம் ககரமாகி, ஜமல் என்ற ஒட்டகம் ‘கமல்’ ஆகிவிடும்.

உங்களுக்குப் பழகிய நாட்டின் மாற்றங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, குர்ஆன் வைக்கும் பலகையின் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். எல்லா நாட்டு ஒலிகளையும் சேர்த்தால் தலைசுற்றலே மிஞ்சும். இந்த மாற்றங்கள் ஓதலுக்குள் நுழையாமல் காப்பதும் உங்கள் பொறுப்பு. வளைகுடாப் பேச்சில் ளாத் எழுத்தும் ழா எழுத்தும் ஒன்றாகிவிட்டன. ஆனால் ளல்ல என்றால் வழிதவறினான், ழல்ல என்றால் ஒரு நிலையிலேயே இருந்தான். ஃபாத்திஹாவின் கடைசிச் சொல்லில் இது சிறிய வேறுபாடன்று. தமிழ் முஸ்லிம்கள் ரமளான், ளுஹா என்று ளகரத்தால் எழுதிவருவதை மற்றவர்கள் சிலர் பிழையாகக் கருதுகிறார்கள். நாவின் பக்க ஓரத்துக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே ளாத் எழுவதாகச் சீபவைஹி விவரிக்கிறார். அந்த வருணனைக்கு நம் ளகரம், இன்றைய பேச்சு அரபியின் சில ஒலிகளைவிட நெருக்கமாக இருப்பதை ஓதல் உச்சரிப்பைக் கற்பிக்கும் தஜ்வீத் வகுப்பில் ஆசிரியரோடு சேர்ந்து ஓதிப் பாருங்கள்.

சூரா யூஸுஃபில் திறவுகோல்களும் பள்ளங்களும்

சிறையில் உடனிருந்தவர் தம் கனவைச் சொல்கிறார்: என் தலைமேல் ‘ஃகுப்ஸன்’ சுமப்பதாகவும் பறவைகள் அதைக் கொத்தித் தின்பதாகவும் கண்டேன் (36). வளைகுடாவில் நாம் அனைவரும் தின்ற குப்பூஸ்தான் அது. மூன்று வசனம் கழித்து நபி யூஸுஃப் (அலை) தம் சிறைத் தோழர்களிடம், ‘அஅர்பாபுன் முதஃபர்ரிகூன ஃகைருன்’, சிதறிக் கிடக்கும் பல அர்பாபுகள் மேலா, அடக்கியாளும் ஏக இறைவன் மேலா என்று கேட்கிறார் (39). அர்பாப் என்பது ரப்பு என்ற சொல்லின் பன்மை. தொழிலாளர் முகாம்களில் முதலாளியை அர்பாப் என்று அழைத்து அழைத்துப் பழகிய எனக்கு, இந்த வசனத்தின் பொருள் முதன்முதலில் புரிந்த இரவில் தூக்கம் வரவில்லை. 47ஆம் வசனத்தின் ‘தஸ்ரஊன’, ஏழாண்டுகள் பயிரிடுவீர்கள் என்பது, தோட்டத் தொழிலாளர்கள் மஸ்ரா என்று சொல்லும் பண்ணையின் வேரிலிருந்து வந்தது. ‘கொண்டுவா’ என்பதற்கு ஜீப் என்கிறோமே, அதன் மூலம் ‘ஜாஅ பி’, அதாவது ஒன்றோடு வந்தான் என்ற தொடர். 72ஆம் வசனத்தில் ‘லிமன் ஜாஅ பிஹி’, அதைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை என்று பிரியாத வடிவில் அது நிற்கிறது.

இவை திறவுகோல்கள். பள்ளங்களும் உண்டு, அவற்றில் விழுவது தெரிந்தவர்தான், ஒன்றும் தெரியாதவர் விழுவதில்லை. 19ஆம் வசனத்தில் கிணற்றருகே வரும் ஸய்யாரா மோட்டார் வண்டியன்று, வழிப்போக்கர் கூட்டம். இதைக் கதையோட்டமே திருத்திவிடும். அடுத்த வசனம் அப்படித் திருத்தாது. ‘வஷரவ்ஹு பிஸமனின் பஃக்ஸின் தராஹிம மஃதூதா’: தராஹிம் என்றதும் திர்ஹம் நினைவுக்கு வரும், ஷரா என்றதும் ‘வாங்கினான்’ என்ற பேச்சுப்பொருள் வரும். உடனே ‘அற்ப விலைக்கு, எண்ணக்கூடிய சில திர்ஹங்களுக்கு வாங்கினார்கள்’ என்று பொருள்கொள்ளத் தோன்றும். ஆனால் இங்கே ஷரா என்பதற்கு விற்றார்கள் என்றே விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் பொருள் கூறுகின்றனர். வாங்கியவரைப் பற்றி 21ஆம் வசனம் வேறு வடிவத்தில், ‘இஷ்தராஹு’ என்று சொல்கிறது. விற்றலையும் வாங்கலையும் ஒரே வேர் சுமப்பது பழைய அரபியின் இயல்பு; பேச்சுவழக்கு அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது.

65ஆம் வசனத்தை நிதானமாகப் படியுங்கள். ஒரு முழு வாரம் கொடுத்தாலும் தகும். சகோதரர்கள் ஊர் திரும்பித் தம் மூட்டைகளைத் திறக்கிறார்கள். மூட்டைப் பொருளுக்கு வரும் சொல் மதாஃ. எகிப்தியர் ‘என்னுடையது’ என்று சொல்லும்போது பேசும் பிதாஃ அதன் வழிவந்தது. தாங்கள் விலையாகக் கொடுத்த சரக்கு, ‘பிளாஅ’, தங்களுக்கே திருப்பித் தரப்பட்டிருப்பதைக் காண்கிறார்கள். கடைகளில் சரக்கு வந்ததா என்று கேட்கும் அதே சொல். உடனே தந்தையிடம் ‘யா அபானா மா நப்ஃகீ’ என்கிறார்கள். வளைகுடாவில் மா நப்ஃகா, மா நப்ஃகீ என்றால் ‘எங்களுக்கு வேண்டாம்’. அந்தக் காதோடு கேட்டால், கிடைத்ததை வேண்டாமென்று சொல்கிறார்கள் என்று தோன்றிவிடும். இங்கே ‘மா’ பெரும்பாலோர் விளக்கப்படி வினாச்சொல்: ‘தந்தையே, இதற்குமேல் நமக்கு என்ன வேண்டும்?’ மறுப்பாகக் கொண்டு ‘நாங்கள் வேறெதுவும் கேட்கவில்லை’ என்ற வகையில் விளக்கியவர்களும் உண்டு. எப்படியாயினும் மகிழ்ச்சியின் குரல்தான் அது. தொடர்ந்து ‘வநமீரு அஹ்லனா’, குடும்பத்துக்கு உணவு கொண்டுவருவோம் என்கிறார்கள். கத்தரில் இருந்தவர்களுக்கு அல்மீரா என்ற கடைகளின் பெயர் தெரியும். மீரா என்றால் வீட்டுக்குக் கொண்டுவரும் உணவுப்பொருள், இந்த வினையின் பெயர்ச்சொல்.

ஒரே சொல் நாட்டுக்கு நாடு மாறுவதையும் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு மளிகைக் கடைக்கு வந்த உள்ளூர்ப் பெரியவர் ‘ஏஷ்’ கேட்டார். எகிப்தியரிடம் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த இளைஞர் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பெரியவர் தலையசைத்துவிட்டு மூலையிலிருந்த அரிசி மூட்டையைக் காட்டினார். எகிப்தில் அச்சொல் ரொட்டி, வளைகுடாவில் சோறும் அரிசியும். இரண்டுக்கும் மூலமான பொருள் வாழ்வு. சூரா காரிஆவின் 7ஆம் வசனத்தில் ‘ஈஷதின் ராளியா’, மனநிறைவான வாழ்க்கை என்று அதே வேர் நிற்கிறது. அதேபோல் மப்ஸூத் என்பது எகிப்தில் மகிழ்ச்சியாக இருப்பவர், ஈராக்கில் அடிபட்டவர். குர்ஆனில் இறைவனின் கைகள் ‘மப்ஸூததான்’, விரிந்தவை (5:64). எனவே ஒரு வட்டாரப் பொருளை எடுத்துக்கொண்டு வேதவரிக்குள் நுழையாதீர்கள். வேரின் பொருளை முதலில் பாருங்கள்.

அகராதியும் ஹதீஸும்

வேரைக் காண, முன்னும் பின்னும் ஒட்டியவற்றை உரித்தெடுங்கள். தஸ்ரஊன என்பதில் ‘த’ முன்னிலையைக் காட்டும், ‘ஊன’ பன்மையைக் காட்டும். நீக்கினால் ஸா, ரா, ஐன் என்ற மூன்றெழுத்து மிஞ்சும். நப்ஃகீ என்பதில் முன்னே உள்ள நூன் ‘நாங்கள்’. (மொராக்கோவில் அதே நூன் ‘நான்’ என்பதைக் குறிக்கும் என்பதையும் அங்கே பழகியவர்கள் கவனிக்க வேண்டும்.) அகராதியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. ஹான்ஸ் வேர் என்ற ஜெர்மானிய அறிஞரின் அகராதி இக்கால எழுத்து அரபிக்கு மிகச் சிறந்தது. ஆனால் ஸய்யாராவுக்கு அது முதன்மையாக மோட்டார் வண்டியைத்தான் காட்டும். குர்ஆன் சொற்களுக்கென்றே ராகிப் அல்இஸ்ஃபஹானி தொகுத்த முஃப்ரதாத், வேரின் முதலெழுத்து வரிசையில் அமைந்தது. நம் தேவைக்கு அதுவே நெருக்கம். 1311இல் மறைந்த இப்னு மன்ழூரின் லிஸானுல் அரப் பெருங்கடல். அதன் மூல அமைப்பு வேரின் கடைசி எழுத்து வரிசையில் இருப்பதால், முதலெழுத்து வரிசையாக மாற்றிய பதிப்பைத் தேடி வாங்குங்கள்.

ஹதீஸ் நூல்களுக்கு ஓராண்டு கழித்துப் போகலாம். அவற்றில் உரையாடல் மிகுதி, வாக்கியங்கள் சிறியவை. அதனால் குர்ஆனைவிட எளிதென்று தோன்றும். ஆனால் அரிய சொற்களும் குலவழக்குகளும் வரும். பயணத்தில் நோன்பு நோற்பது நற்செயலில் சேராது என்ற நபிமொழி, அஹ்மத் இப்னு ஹன்பலின் முஸ்னதில் ‘லைஸ மினம்பிர்ரி அம்ஸியாமு ஃபிம்ஸஃபர்’ என்ற வடிவிலும் பதிவாகியுள்ளது. ‘அல்’ வரவேண்டிய இடங்களிலெல்லாம் ‘அம்’ வந்திருக்கிறது. இது யமன் பகுதியின் பழைய வழக்கு. நபியவர்களே அம்மக்களிடம் அவர்கள் மொழியில் பேசினார்களா, அறிவிப்பாளரின் நாவில் அப்படி வந்ததா என்று அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். யமனின் திஹாமா கடற்கரைப் பகுதியில் அந்த ‘அம்’ இன்றும் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

எதிர்த்திசையிலிருந்து வருபவர்களுக்கும் ஒரு சொல்: மதரஸாவில் ஏழாண்டு ஓதிப் பட்டம் பெற்று அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போகும் ஆலிம்கள், தங்கள் அரபி அங்கே யாருக்கும் புரியவில்லை என்று சோர்ந்துபோகிறார்கள். நீங்கள் பேசுவது அந்நாட்டவருக்குப் புரியும். அவர்கள் தரும் பதில்தான் உங்களுக்குப் புரியாது. ‘இது என்ன’, ‘எப்படி’, ‘இப்போது’, ‘வேண்டும்’, ‘இல்லை’, ‘பார்’, ‘கொண்டுவா’ ஆகியவற்றுக்கு அந்த நாட்டுச் சொற்களைப் பழகி, இறுதி ஓசைகளை விட்டுவிட்டு, ஒலிமாற்றத் தாளைக் கைவசம் வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் காது திறந்துவிடும். நலம் விசாரிக்கும் ‘ஷ்லோனக்’ கூட ‘உன் நிறம் என்ன’ என்பதன் சுருக்கந்தான். லவ்ன் என்ற சொல்லைச் சூரா பகராவில் பசுவின் நிறத்தைக் கேட்கும் இடத்திலேயே ஓதியிருப்பீர்கள்.

தினமும் எப்படி

அதிகாலைத் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பணிமுறை மாறிமாறி வருபவர்கள், எந்த முறையானாலும் தூங்கி எழுந்தவுடன் என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒரு வசனம் போதும். நீண்ட வசனத்தை இரண்டு நாளாகப் பிரித்தாலும், ஐந்து மாதத்துக்குள் அத்தியாயம் முடிந்துவிடும். முதலில் நல்ல காரியின் ஓதலில் அந்த வசனத்தை மூன்று முறை கேளுங்கள். பிறகு பார்த்து ஓதுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பை உடனே திறக்க வேண்டாம். தெரிந்த சொல்லுக்கெல்லாம் நீங்கள் நினைக்கும் பொருளை ஏட்டின் இடப்பக்கத்தில் எழுதிய பிறகே அகராதியையும் மொழிபெயர்ப்பையும் பார்த்து, வலப்பக்கத்தில் சரியான பொருளை எழுதுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறுபடும் சொற்களை மட்டும் தனித்தாளில் சேர்த்துவாருங்கள். ஷரா, ஸய்யாரா, மா நப்ஃகீ என்று என் தாளில் அந்த அத்தியாயத்துக்குள்ளேயே நாற்பதுக்குமேல் சேர்ந்தன; வேறெந்தப் பாடநூலும் எனக்கு அவ்வளவு பயன்படவில்லை.

வெள்ளிக்கிழமைத் தொழுகையின் உரையாகிய குத்பாவை வாரத் தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள். உரையாற்றும் கத்தீப் பேசுவது எழுத்து அரபி. நடுவில் குர்ஆன் வசனமும் ஹதீஸும் வரும். ‘நஹ்மதுஹு வநஸ்தஈனுஹு’ என்று தொடங்கும் முகவுரை பெரும்பாலான பள்ளிகளில் ஒன்றுபோலவே இருப்பதால், அதை முதல் மாதத்தில் சொல்சொல்லாகப் பொருள் தெரிந்து மனப்பாடம் செய்துவிடலாம். குத்பாவில் பிடிபட்ட மூன்று சொற்களை, அறைக்குத் திரும்பியவுடன் எழுதி, அவற்றின் வேரைத் தேடுங்கள்.

நாளைய பாடமாகச் சூரா யூஸுஃபின் 4ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘யா அபதி இன்னீ ரஅய்து அஹத அஷர கவ்கபன்’, என் தந்தையே, நான் பதினொரு விண்மீன்களைக் கண்டேன். பேச்சில் நாம் சொல்லும் ஷாஃப், ஷிஃப்த் என்ற சொல் குர்ஆனில் எங்குமே இல்லை; காண்பதற்கு அங்கே ரஆ. இஹ்தஅஷ் என்று நாம் சுருக்கிய பதினொன்று இங்கே இரண்டு சொல்லாக விரிந்து நிற்கிறது. கவ்கபன் என்பதில் இறுதி ஜபர் ஏன் வந்தது என்ற கேள்வியை ஏட்டில் எழுதி, அடுத்த முறை உஸ்தாதைப் பார்க்கும்போது முதலில் அதைக் கேளுங்கள்.